பக்கத்தில் நின்று சொல்பவர்

கூட்டம் பழைய உப்பளத்தின் கொட்டகையில் நடந்தது. யார் யார் வந்திருந்தார்கள், எங்கே அமர்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு யாரும் "நான் அங்கே இல்லவே இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது.

காற்று வரும் வடக்குப் பக்கம், கைவைத்த நாற்காலியில், எங்கள் ஹலால் சான்றுக் குழுவின் தலைவர் அபூதாஹிர் ஆலிம். அவருக்கு வலப்புறம் பிளாஸ்டிக் நாற்காலியில் டாக்டர் ஜுலைஹா. ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். பல்லைப் பார்த்து ஆட்டின் வயதையும், முகத்தைப் பார்த்து ஆட்டுக்காரரின் நாணயத்தையும் சொல்லிவிடுவார். இடப்புறம் மடக்கு மேசையுடன் நான், காரியதரிசி உதுமான் நெய்னா. எங்களுக்கு எதிரே, வெயில் முகத்தில் அடிக்கும் பக்கம், விண்ணப்பதாரர் லுக்மான். சென்னையில் ஓர் ஆயுதக் கம்பெனியின் பங்காளி என்றாலும் பிறந்தது எங்கள் மணற்பட்டணத்தில்தான். அவர் பக்கத்தில் கம்பெனியின் பொறியாளர் சித்தி ரஹ்மா. அவளும் இவ்வூர்ப் பெண். உட்கார மாட்டேன் என்று தூணில் சாய்ந்து நின்றவன் அவளுடைய தம்பி நூஹு.

எல்லோருக்கும் நடுவில், நாற்காலி தேவைப்படாமல், அமீன்.

அமீன் என்பது கம்பெனி வைத்த பெயர். நம்பிக்கைக்குரியவன் என்று பொருள். கிடா ஆட்டின் உயரம், நாலு கால், கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழாய். தானே நடக்கும், தானே பார்க்கும், தானே முடிவு செய்து சுடும். ஊரில் யாரும் அதை அமீன் என்று கூப்பிடவில்லை. ஆடு என்றுதான் சொன்னார்கள்.

இந்த ஆட்டுக்கு ஹலால் சான்று வேண்டும் என்பதுதான் விண்ணப்பம்.

கடலுக்கு அப்பால் இரண்டு நாடுகள் சண்டைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தன. இரண்டும் ஐந்து வேளை தொழுகிற நாடுகள். ஆகவே இரண்டுக்கும் நியாயத்தில் அக்கறை அதிகம். அவற்றில் ஒன்று, மார்க்கப் போர்முறைப்படி நடக்கும் இயந்திரம் என்று முத்திரை இருந்தால்தான் வாங்குவோம் என்று லுக்மானிடம் சொல்லிவிட்டது. பெரிய நகரங்களில் இருந்த குழுக்கள் யோசிக்க அவகாசம் கேட்டன. எங்கள் குழு சிறியது. யோசிக்காது என்று லுக்மான் நம்பினார்.

எங்களிடம் இரண்டே வகைச் சான்றுகள் உண்டு. ஒன்று பொட்டலம்: பிஸ்கட், நூடுல்ஸ், மசாலாத் தூள். மற்றது அறுப்பு: கோழி, ஆடு, மாடு. விண்ணப்பம் வந்த அன்று எதில் சேர்ப்பது என்று ஆலிமிடம் கேட்டேன்.

"பொட்டலத்துல வருமா நெய்னா?"

"வராது ஹஜ்ரத்."

"அப்ப அறுப்புல போடுங்க. வேற எதுல போடுவீங்க?"

அப்படியே போட்டேன். அறுப்புக்கான நிபந்தனைகள் கம்பெனிக்குப் போயின. கூடவே, நபிக்குப் பின் வந்த முதல் கலீஃபா தம் படையை வழியனுப்பும்போது சொன்ன கட்டளைகளையும் ஆலிம் தம் கையால் எழுதிச் சேர்த்தார். பெண்களையும் சிறுவர்களையும் முதியவர்களையும் கொல்லாதே, உடலைச் சிதைக்காதே, காய்க்கிற மரத்தை வெட்டாதே, உண்பதற்கன்றி ஆடுமாட்டைக் கொல்லாதே, மடங்களில் தனித்திருப்பவரை அவர் போக்கில் விடு. சரணடைந்தவரைக் காப்பதும் கைதிக்கு உணவும் நீரும் தருவதும் அவற்றின் கீழே.

அறுப்பு நிபந்தனைகளில் ஒன்றை மட்டும் மாற்றினார். இறைவன் பெயர் சொல்ல வேண்டும் என்ற இடத்தைப் பேனாவால் அடித்தார். "மனுஷனைக் கொல்றது அறுப்பு இல்ல. அதுக்கு பிஸ்மி கிடையாது" என்றார். அந்த இடத்தில், ஒவ்வொரு முறையும் ஒருவர் பக்கத்தில் நின்று, தன் பெயரையும் தன் தந்தை பெயரையும் மனமொப்பிச் சொல்ல வேண்டும் என்று எழுதினார். கொல்லப்பட்டவன் மறுமையில் வழக்குச் சொல்லும்போது எதிராளி யார் என்று தெரிய வேண்டாமா என்பது அவர் வாதம்.

மனிதனைக் கொல்வது அறுப்பு இல்லை என்றால் அறுப்புத் தாளை ஏன் அனுப்புகிறோம் என்று நான் கேட்கவில்லை. எங்களிடம் வேறு தாள் இல்லை.

கம்பெனியும் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய கம்பெனியில் படித்துப் பார்ப்பவர் ஒருவர், செய்து முடிப்பவர் ஒருவர். படிக்க வேண்டியவர் படிக்கவில்லை. செய்ய வேண்டிய ரஹ்மா ஒரு வரி விடாமல் ஆட்டின் மூளையில் ஏற்றிவிட்டாள்.

அன்று காலை, மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் என் மேசைக்கு வந்தாள்.

"நெய்னா மாமா, எப்படியாவது முத்திரை வைக்காமப் பாத்துக்கங்க."

"செஞ்சவளே நீதானேம்மா?"

"நான்தான். பக்கத்துல நின்னு, வாப்பா பேரைச் சொல்லிக் கொல்ல எவன் வருவான்னு நினைச்சுத்தான் அவ்வளவு சந்தோஷமாச் செஞ்சேன். இது சுடவே சுடாதுன்னு நினைச்சேன். இவங்க விளம்பரம் போட்டு ஆள் எடுக்குறாங்க மாமா! சாப்பாடு, ரூம், ரெண்டு வருஷ விசா. நம்ம ஊர்லயே வரிசை கட்டி நின்னாங்க. மொதல்ல எடுத்த ஆளு யாருன்னு பாருங்க."

தூணைக் கண்ணால் காட்டினாள்.

நூஹு இரண்டு முறை வெளிநாடு போய், இரண்டு முறையும் வேலை கொடுத்த கம்பெனி மூடிப்போய்த் திரும்பியவன். இப்போது கிடைத்திருக்கும் வேலைக்குப் பெயர் 'சொல்பவர்'. ஆட்டுடன் போர்க்களத்தில் நடக்க வேண்டும், அது நிற்கும் இடத்தில் நிற்க வேண்டும், பெயர் சொல்ல வேண்டும். முத்திரை விழுந்தால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து விமானம் ஏறுகிறான்.

சோதனை தொடங்கியது. காய்ந்து கிடந்த உப்புப் பாத்திகளில் துணிப் பொம்மைகளை நட்டிருந்தார்கள். ஊர் வீடுகளில் பழைய துணி வாங்கி உடுத்தியிருந்தார்கள். கையில் மரத் துப்பாக்கி.

முதல் பொம்மை சீமைக் கருவேல மரம் ஒன்றின் பின்னால் நின்றது. ஆடு நடந்து போய் மரத்தைச் சுற்றி வந்தது. பிறகு, வானொலிச் செய்தி வாசிப்பதுபோல, "மரம் காய்த்திருக்கிறது. சுட்டால் மரத்தில் படும்" என்று அறிவித்துவிட்டுக் காலை மடித்து உட்கார்ந்துகொண்டது.

"ஐயோ, அது கருவேலம்!" என்றார் லுக்மான். "சர்க்காரே வேரோட புடுங்கச் சொல்லுது அதை!"

"காய்ச்சிருக்கே" என்றார் டாக்டர் ஜுலைஹா. "அந்த நெத்தை ஆடு நல்லாத் திங்கும்."

"எந்த ஆடு டாக்டர்மா? இந்த ஆடா?"

அடுத்த பொம்மை இரண்டு கைகளையும் தூக்கி நின்றது. ஆடு அதன் முன் போய் வயிற்றைத் திறந்து ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்து வைத்தது. பொம்மை குடிக்கவில்லை. ஆடு காத்திருந்தது. நாங்களும் காத்திருந்தோம்.

"எங்க ஊட்டு மனுஷன் முப்பது வருஷத்துல எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி எடுத்து நீட்டினதில்ல" என்றார் டாக்டர்.

மூன்றாவது பொம்மைக்கு முதுகு சற்று வளைந்துவிட்டது, நட்டவர்களின் அவசரம். "முதியவராக இருக்கலாம் என்று சந்தேகம்" என்று ஆடு கடந்து போயிற்று.

லுக்மான் எழுந்துவிட்டார். "ஹஜ்ரத், சந்தேகம் வந்தா உடனே விட்டுடுது. போர்ல சந்தேகம் வராத இடம் எங்க இருக்கு?"

"நாங்களும் அதைத்தான் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார் ஆலிம்.

லுக்மான் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, "நிர்ப்பந்தம்னு ஒரு சலுகை இருக்குல்ல?" என்றார். "உயிர் போற பசியில இருக்குறவன் ஹராமைக்கூடத் திங்கலாம்ல?"

"திங்கலாம். உயிர் தங்குற அளவுக்கு."

"அதே மாதிரி இதுக்கும் ஒரு சலுகை போட்டுக் குடுங்க. எதிரி சுட வர்றான். உயிருக்கு ஆபத்து. அந்த நேரத்துல மரம், கிழவன்னு பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

"யாரு உயிருக்கு ஆபத்து தம்பி?"

லுக்மான் ஆட்டைப் பார்த்தார். ஆடு தண்ணீர்ப் புட்டியைத் திரும்ப எடுத்து வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பசிக்குமா?" என்று ஆலிம் கேட்டார். "ஊட்டுல உம்மா, புள்ள இருக்காங்களா? சலுகை, உயிருக்குப் பயப்படுற மனுஷனுக்குக் குடுத்தது. உயிரே இல்லாததுக்கு அது எப்படிக் கிடைக்கும்? ரேஷன் கார்டு இல்லாம அரிசி கேக்குற மாதிரி இருக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார். லுக்மான் காகிதத்தைப் பைக்குள் வைத்தார்.

"சரி, அது போகட்டும். பக்கத்துல ஆள் நிக்கணும்ங்கிறீங்களே, அதுக்குப் பதிலா குரலைப் பதிவு பண்ணி வச்சுடுறோம். நல்ல குரலா, எகிப்துல ஓதிப் படிச்ச ஒருத்தர் குரலா எடுத்திருக்கோம். எத்தனை தடவை வேணும்னாலும் களைக்காமச் சொல்லும்."

இதற்கு ஆலிம் வாய் திறக்கும் முன் நான் சொல்ல வேண்டியதாயிற்று. பழைய முடிவுகளை நினைவில் வைத்திருப்பது என் வேலை.

"லுக்மான் தம்பி, முன்னாடி ஒரு கோழிக் கம்பெனி இதையே செஞ்சது. பிஸ்மி சொல்ற ஆளுக்குப் பதிலா டேப் ஓட்டினாங்க. அவங்க சான்றை அன்னைக்கே ரத்து பண்ணிட்டோம்."

"அது கோழி, நெய்னா காக்கா" என்றார், அண்ணன் முறை வைத்து.

"ஆமா. கோழி."

லுக்மான் கையைத் தட்டி, "டேய் நூஹு, வாடா. வந்து காட்டு" என்றார்.

நூஹு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆட்டின் பக்கத்தில் போய் நின்றான். நல்ல பையன், நல்ல குரல், பெருநாள் தொழுகையில் தக்பீர் சொல்லக் கூப்பிடுவார்கள். திறந்த பாத்தியில் துப்பாக்கியுடன் நின்ற பொம்மையை ஆடு பார்த்தது. ஆயுதத்தைக் கீழே போடும்படி மூன்று முறை அழைத்தது. பிறகு, "சொல்பவர் சொல்லலாம்" என்றது.

"நூஹு. மீராசா மகன்."

சத்தம் அதிகமில்லை, கதவு சாத்துவதுபோல. பொம்மை விழுந்தது.

லுக்மான் கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

இரண்டாவதற்குப் போகுமுன் ஆடு அங்குமிங்கும் நகர்ந்தது. ஒன்று சாவதை மற்றது பார்க்கக் கூடாது என்பது அறுப்பு நிபந்தனை. மற்ற பொம்மைகளின் கண்ணில் படாத கோணம் கிடைக்கும்வரை அது சுற்றிச் சுற்றி வந்தது. நூஹுவும் அதன் பின்னாலேயே உப்பு மிதித்துக்கொண்டு சுற்றினான்.

"நூஹு. மீராசா மகன்."

இரண்டாவதும் விழுந்தது.

மூன்றாவதன் முன்னால் ஆடு நின்றது. பொம்மையின் மேல் நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. இடது பையில் மைக் கறை.

நூஹு சொல்லவில்லை.

"சொல்பவர் சொல்லலாம்" என்றது ஆடு.

"ராத்தா" என்று அக்காவைக் கூப்பிட்டான் நூஹு, திரும்பாமல். "இது என் சட்டைதானே?"

ரஹ்மா சட்டையின் மைக் கறையைப் பார்த்தாள். "உம்மா பழந்துணியில போட்டுட்டாங்க போல" என்றாள்.

"போன தடவை ஏர்போர்ட்டுக்குப் போட்டுட்டுப் போன சட்டை."

"சட்டை கெடக்குது, சொல்லுடா!" என்று லுக்மான் கத்தினார். "அங்க போனா இதைவிட நல்ல நல்ல சட்டை எல்லாம் பாப்பே!"

அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ தெரியாது. நூஹு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நூஹு. மீராசா மகன்" என்றான். சொற்கள் சரியாகத்தான் வந்தன.

ஆடு குழாயைத் தாழ்த்திக்கொண்டது. "சொல்பவர் மனமொப்பிச் சொல்லவில்லை. ஏற்கப்படவில்லை."

"ஒப்பித்தான் சொல்றேன்!" என்றான் நூஹு.

"ஏற்கப்படவில்லை."

"நூஹு! மீராசா மகன்! மனசார! முழுச் சம்மதத்தோட!"

"ஏற்கப்படவில்லை."

"ஆட்டுக்குத் தெரியுது" என்றார் டாக்டர் மெதுவாக.

லுக்மான் ரஹ்மாவின் பக்கம் திரும்பினார். "இந்தச் சோதனையை எடுத்துடும்மா. குரல் நடுங்கினா என்ன, கால் நடுங்கினா என்ன? சொன்னாச் சொன்னதுதான்."

"மனமொப்பின்னு தாள்ல இருக்கு சார். நீங்க கையெழுத்துப் போட்ட தாள்."

"ராத்தா, நீ பேசாத" என்றான் நூஹு. கண் சிவந்திருந்தது. "நீ சென்னையில ஏசி ரூம்ல உக்காந்து மனசைப் பத்தி எழுதுவே. எனக்கு வேலை வேணும். மனசு போகப் போக ஒத்துக்கும். ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும். ஹஜ்ரத், பழகிடும்ல?"

அபூதாஹிர் ஆலிம் அவன் பக்கம் திரும்பினார்.

"பழகிடும்பா" என்றார். "அதுதான் பயமா இருக்கு."

பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து லுக்மானிடம் பேசினார். "தம்பி, கட்டாயத்துல சொன்ன சொல் செல்லாது. தலாக்குலகூடச் செல்லாதுன்னு சொன்ன இமாம்கள் இருக்காங்க. விசாவுக்காகச் சொல்றவன் கட்டாயத்துல சொல்றான். அவனை விட்டுடுங்க. ஒரு கட்டாயமும் இல்லாம, முழு மனசோட இந்த ஆடு சுடணும்னு ஆசைப்படுற ஆள் யாராவது இருந்தா சொல்லட்டும்."

"இவ்வளவுதானா?" லுக்மான் சிரித்தார். "நான் சொல்றேன். எனக்கு யாரு கட்டாயம்? இந்த ஆடு சுடணும்னு மூணு வருஷமா ராத்திரி தூக்கம் இல்லாம அலையுறேன்."

காலணியைக் கழற்றாமலே பாத்திக்குள் இறங்கினார். நூஹுவை ஒதுக்கிவிட்டு ஆட்டின் பக்கத்தில் நின்றார். நீலச் சட்டைப் பொம்மையைப் பார்த்து, மேடையில் பேசுவதுபோல உரக்க, "லுக்மான்!" என்றார்.

"பெயர் ஏற்கப்பட்டது" என்றது ஆடு. "யாருடைய மகன்?"

லுக்மானின் வாய் திறந்தது. கடற்காற்று உப்பைக் கிளப்பிக்கொண்டு வந்தது. பொம்மையின் முழுக்கை லேசாக ஆடியது.

"யாருடைய மகன்?" என்று ஆடு மறுபடியும் மரியாதையாகக் கேட்டது.

எங்களுக்கெல்லாம் தெரியும். தம்மடை தாவூது மகன். முட்டையும் ரவையும் நெய்யும் சேர்த்து அவர் சுட்ட தம்மடை இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணம் நடந்ததில்லை. எங்கள் குழு முதன்முதலாகச் சான்று கொடுத்தது அவர் கடைக்குத்தான். ஒரு பெருநாளுக்கு முந்தின நாள், முட்டை கொடுத்தவன்மேல் ஏதோ சந்தேகம் வந்து, பிசைந்த மாவு அத்தனையையும் கடலில் கொட்டியவர். "சந்தேகம்தானே, நிச்சயம் இல்லையே" என்று கேட்டவர்களிடம், "நிச்சயம்னா கொட்டுறதுல என்ன பெருமை" என்றாராம்.

லுக்மான் ஆட்டின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். "பேட்டரி சூடாயிடுச்சு போல" என்று சொல்லிக்கொண்டே கரையேறி வந்து தண்ணீர் கேட்டார். நல்ல வேளையாக, தண்ணீர் கொடுக்கத்தான் ஆடு பழகியிருந்தது.

ஆலிம் என்னைப் பார்த்தார். "எழுதுங்க நெய்னா. சான்று குடுத்துடலாம்."

"ஹஜ்ரத்!" என்று ரஹ்மா எழுந்தே விட்டாள்.

"ஏம்மா? ஆடு ஒரு நிபந்தனையையும் மீறலையே. மரத்தைச் சுடலை, கிழவனைச் சுடலை, கைதிக்குத் தண்ணி குடுத்துச்சு, பொய்யாச் சொன்னவனை நம்பலை. இந்த ஊர்ல இவ்வளவு ஒழுங்கா நடக்குற மனுஷனை நான் பாத்ததில்ல. குறை சொல்ல என்ன இருக்கு? சான்று உண்டு. ஒண்ணே ஒண்ணு சேத்துக்கங்க நெய்னா. கூலிக்குச் சொல்ற ஆளை ஏத்துக்க முடியாது. விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டவர்தான் பக்கத்துல நின்னு சொல்லணும்."

டாக்டர் ஜுலைஹா தலையை மட்டும் அசைத்தார். இருவர் ஒப்பினால் தீர்மானம்.

நூஹு பொம்மையிடம் போய், அதிலிருந்து தன் சட்டையைக் கழற்றி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்ப் பக்கம் நடந்தான். ரஹ்மா பின்னால் ஓடினாள். "வராத ராத்தா" என்ற சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டது. அவள் நிற்கவில்லை.

நான் மேசையை மடிக்கும்போது லுக்மான் அருகில் வந்தார். குரலில் சென்னை இறங்கி மணற்பட்டணம் ஏறியிருந்தது.

"நெய்னா காக்கா, சான்றுல என் பேரை எழுதுவீங்கள்ல?"

"எழுதணுமே."

"எழுதுங்க. பெரிசா வேணும்னாலும் எழுதுங்க." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வாப்பா பேரை மட்டும் அதுல போடாதீங்க காக்கா. இனிஷியல் போட்டு விட்டுடுங்க."

"ஏன் தம்பி? சான்றுக்கு ஆசைப்பட்டு நீங்கதானே வந்தீங்க?"

"சான்றுக்குத்தான் வந்தேன்" என்றார். வண்டி கிளம்பும்வரை ஆட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆள் வைத்துத்தான் அதைத் தூக்கி ஏற்றினார்கள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதத்தைத் திருத்தமாக எழுதினேன். எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் கடிதத்துக்குச் சொல்லித் தந்த முறை எனக்கு இன்னும் மாறவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. பிறகு விஷயம்:

'தாங்கள் விண்ணப்பித்த அமீன் என்னும் இயந்திரம், போரில் பேண வேண்டிய மார்க்க வரம்புகளை முழுமையாகப் பேணுகிறது என இக்குழு மகிழ்ச்சியுடன் சான்றளிக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும், விண்ணப்பதாரராகிய தாங்கள் அதன் பக்கத்தில் நின்று, எதிரில் இருப்பவரின் முகம் பார்த்து, மனமொப்பித் தங்கள் பெயரையும் தந்தை பெயரையும் சொன்னால் மட்டுமே இச்சான்று செல்லும். வேறொருவர் சொன்னால் செல்லாது.'

கீழே பெயருக்கான இடம் வந்தது. இனிஷியல் போட்டால் போதுமா என்று பேனாவைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிக்கத்தான் செய்தேன். காலமான தாவூது காக்கா கையால் தம்மடை வாங்கித் தின்றவன் நான். ஆனால் நிபந்தனை என்றால் நிபந்தனை. எழுதினேன்: லுக்மான், த/பெ. மர்ஹூம் தாவூது.

குழுவின் முத்திரையைக் குத்தினேன். தாளை மூன்றாக மடித்து உறையிலிட்டு, அரக்கு உருக்கி ஒட்டி, அதன் மேலும் முத்திரை வைத்தேன். உறையின் மேலும் அதே பெயரைத் தந்தை பெயரோடு முழுதாக எழுதினேன். தபால் நிலையத்தில், பதிவுத் தபால் கவுன்ட்டரில் இருந்த பெண் உறையைத் திருப்பிப் பார்த்து, "ஒப்புகை அட்டை வேணுமா சார்?" என்றாள்.

"வேணும்மா" என்றேன். "அவரே கையெழுத்துப் போட்டு வாங்கணும். வேற ஆள்கிட்டக் குடுத்துடக் கூடாது."

அவள் உறையில் தேதி முத்திரையை ஒரு குத்துக் குத்திப் பின்னால் இருந்த பைக்குள் போட்டாள்.